பாடத்துக்கு வேண்டிய அழுக்கு

அந்த ஊர் ஆற்றை மீட்பதற்கென்று ஒரு அலுவலகம் இருந்தது. ஆற்று மீட்பு மற்றும் நீர்ப்பிடிப்பு அறிவியல் கல்வி உயர் நடுவம் என்பது அதன் பெயர். ஒரே மூச்சில் சொன்னால் நெஞ்சை அடைக்கும் என்பதால் ஊரார் நடுவம் என்று சுருக்கிவிட்டார்கள். ஆற்றங்கரையிலேயே மூன்று மாடிக் கட்டடம். ஆற்றைப் பார்த்த ஜன்னல்களை மட்டும் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். திறந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும். அந்த நாற்றத்தில் உட்கார்ந்துகொண்டு ஆற்றைப் பற்றி நிதானமாக யோசிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

வாசலில் ஒரு பெரிய போட்டோ தொங்கும். கழிவுநீர் டேங்கர் ஓட்டுகிற ஓர் ஆள், கையில் ரப்பர் குழாயோடு திருதிருவென்று விழிக்கிற போட்டோ. ஆள் நடமாட்டமில்லாத நேரம் பார்த்து வண்டியை ஆற்றில் காலி செய்தபோது இரண்டு தடவை கையும் களவுமாகப் பிடிபட்டவர். போட்டோவுக்குக் கீழே "ஆற்றின் எதிரி" என்று எழுதியிருந்தது. நடுவம் தொடங்கி இரண்டு வருஷத்தில் ஆற்றுக்காக அது செய்துமுடித்த ஒரே வேலை அந்தப் போட்டோதான்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தின் அறிவியல் டீச்சருக்கு ஒருநாள் நடுவத்திலிருந்து ஓலை வந்தது. இனிமேல் நீர்ப்பிடிப்பு அறிவியலை ஆற்றை மீட்பதன் வழியாகவே பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும், அதற்கு ஐந்து நாள் பயிற்சி, வராவிட்டால் விளக்கம் கேட்கப்படும் என்று. டீச்சருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மூன்றாவது வருஷமாகத் தற்காலிகம். கையெழுத்துப் போடச் சொன்னால் எங்கே என்று கேட்பாளே தவிர எதற்கு என்று கேட்கிற பழக்கம் அவளுக்கு அப்போது கிடையாது. கைப்பையில் புது நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாள்.

முதல் நாள் முழுக்க அறிமுகம். இரண்டாம் நாள் அடையாள அட்டையைக் கழுத்தில் எப்படி மாட்டுவது என்பது பற்றி. மூன்றாம் நாள் கைதட்டல். சிரிக்காதீர்கள், அதற்கும் பாடம் உண்டு. ஒற்றை விரலால் உள்ளங்கையில் தட்டினால் தூறல். நாலு விரலால் தட்டினால் மழை. இரண்டு கையாலும் படபடவென்று தட்டி, கால்களையும் தரையில் உதைத்தால் அது வெள்ளம். சாதாரண அலுவலர் பேசினால் தூறல் போதும். ஒருங்கிணைப்பாளருக்கு மழை. வெள்ளக் கைதட்டல் இயக்குநருக்கு மட்டும்.

நாலாம் நாள்தான் ஆறு வந்தது. பதினைந்து கெஜம் நீலத் துணி. ஒரு முனையை ஒரு அலுவலரும் மறுமுனையை இன்னொருவரும் பிடித்து ஆட்ட, டீச்சர்களெல்லாம் வரிசையாக நின்று "ஐயோ, மாசுபட்டுவிட்டதே" என்று சொல்ல வேண்டும்.

டீச்சர் மெதுவாக ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டாள். "சார், நிஜ ஆத்த எப்போ பார்ப்போம்? இதோ, சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு."

ஒருங்கிணைப்பாளர் மெலிந்த மனிதர். ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடியே நடப்பார். குழந்தையை வைத்திருக்கிறாரோ என்று தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். "மேடம், இது பன்னெண்டு வருஷத் திட்டம். இப்போ நாம விழிப்புணர்வுல இருக்கோம். ஆத்துக்கிட்ட போறது எட்டாவது வருஷம். அவசரப்படக் கூடாது."

கூடத்துச் சுவரில் ஒரு பெரிய வரைபடம் மாட்டியிருந்தது. அதில் நடுவம் எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில் இருந்தது. அங்கிருந்து ஆறு கீழே இறங்கி, பள்ளிக்கூடத்துப் பக்கத்து நடைபாலத்துக்கு வந்தது. அம்புக்குறி கூடப் போட்டிருந்தார்கள். டீச்சர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். அவள் தினமும் அந்த நடைபாலத்தைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறாள். ஆறு நடைபாலத்திலிருந்து நடுவத்துக்கு ஓடுகிறது. நடுவத்திலிருந்து நடைபாலத்துக்கு அல்ல.

"சார், இந்த அம்பு திரும்பியிருக்கு."

"திரும்பல மேடம். முதல்ல நடுவம் படத்துல கீழ இருந்தது. தலைமை அலுவலகம் எப்படிக் கீழ இருக்கலாம்னு இயக்குநர் கேட்டார். மேல தூக்கி வெச்சோம். அம்பு தானா சரியாயிடுச்சு."

"ஆனா தண்ணி..."

"குழு ஒப்புதல் கொடுத்த அம்பு மேடம் அது."

தண்ணீர் போகிற திசையைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் இடது கரை, வலது கைப்பக்கம் வலது கரை. இரண்டு கரைக்கும் நடுவத்தில் தனித்தனி அலுவலர் உண்டு. அம்பு திரும்பிய நாளிலிருந்து இரண்டு பேரும் ஒருவர் கரையை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதையுமே பார்க்காததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் சான்றிதழும், முந்நூற்று நாற்பது பக்கக் கையேடும், சொட்டு மருந்து போலச் சின்னச் சின்னப் புட்டிகள் அடங்கிய ஒரு பெட்டியும் கொடுத்து அனுப்பினார்கள். தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று பார்க்கிற பெட்டி அது. மீன் மூச்சு விட லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமாவது வேண்டும். ஆற்றில் அப்போது இருந்தது ஒன்று புள்ளி இரண்டு. அதில் மீன் என்ன, தவளை கூட இரண்டு தடவை யோசிக்கும்.

டீச்சர் ஒரே ஒரு தப்புதான் செய்தாள். கையேட்டைப் படிக்காமல் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பதினொரு பிள்ளைகள். அதில் ஒருத்திக்குக் கேள்விக்குறி என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் கேள்விதான் வரும். பள்ளிக்கூடத்துக் கூரையில் விழுகிற மழை எங்கே போகிறது என்று பார்ப்போம் என்று டீச்சர் அவர்களை வாய்க்கால் ஓரமாகவே நடத்திக்கொண்டு போனாள். அதுதானே நீர்ப்பிடிப்பு அறிவியல். எங்கே விழுந்தது, எந்த வழியாக வந்தது, எங்கே போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். பாலத்துக்குக் கொஞ்சம் மேலே, மழைநீர் வாய்க்கால் ஆற்றில் கலக்கிற இடத்தில் கேள்விக்குறி நின்றுவிட்டாள்.

"டீச்சர், மழை பெஞ்சு ஒரு மாசம் ஆச்சு. அப்புறம் மழைத்தண்ணி வாய்க்கால் ஏன் ஓடுது?"

டீச்சருக்கு முதுகில் யாரோ தட்டிய மாதிரி இருந்தது. இரண்டு வருஷமாக அந்த வழியாகப் போகிறாள். கருப்பாக ஓடுகிறதே என்று மூக்கைப் பொத்திக்கொண்டாளே தவிர, ஏன் ஓடுகிறது என்று தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவர் ஊரில் குழாய் வேலை செய்கிறவர். குனிந்தபடியே வேலை செய்து செய்து, நிமிர்ந்து நின்று பேசினாலும் எதிரே இருப்பவரின் கால் பக்கத்தையே பார்ப்பார்.

"பீட்ரூட் சாறு எடுத்துக்கோ," என்றார் அவர், கால் பக்கம் பார்த்தபடி. "ஒவ்வொரு வீட்டுக் குளியலறையிலயும் ஒரு செம்பு ஊத்து. ஒருத்தர வாய்க்கால்கிட்ட நிக்க வை. எந்த வீட்டுல ஊத்தினா செவப்பா வருதோ, அங்கதான் கோளாறு."

பிள்ளைகள் நாற்பத்திரண்டு வீடுகளில் பீட்ரூட் சாறு ஊற்றினார்கள். நாற்பது வீட்டுக்கும் வாய்க்கால் சிவந்தது. குழாய்க்காரர் தெருமுனை மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழி. ஒன்று சாக்கடைக் குழாய்க்கு, ஒன்று மழைநீருக்கு. தெருச் சாக்கடைக் குழாயைப் போட்டவன் அதை மழைநீர்க் குழியில் சொருகிவிட்டுப் போயிருக்கிறான். நகராட்சி மேற்பார்வையாளர் வந்து பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, அங்கேயே அனுமதி எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பன்னிரண்டு வருஷத் திட்டம் எதுவும் கிடையாது. குழாயை வளைத்துத் திருப்புகிற ஒரு எல்போ, நாலடிக் குழாய், இரண்டு நாள் வேலை. முடிந்தது.

ஆறு வாரத்தில் தண்ணீர் தெளிந்தது. ஒன்று புள்ளி இரண்டு, மூன்றாயிற்று, நாலாயிற்று. ஒரு திங்கட்கிழமை பிள்ளைகள் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டே ஓடிவந்தார்கள். ஐந்து புள்ளி ஒன்பது! பாலத்தடியில் விரல் நீளத்துக்கு மீன்கள். ஒரு கொக்கு வந்து, இது அந்த ஆறுதானா என்பது போலத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போயிற்று.

டீச்சர் சந்தோஷமாக நடுவத்தின் மாதாந்திரப் படிவத்தை எடுத்தாள். ஆற்றின் நிலை என்று ஒரு கட்டம். அதில் மூன்று பதில்கள் அச்சடித்திருந்தன. மோசம். மிக மோசம். மிக மிக மோசம். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். அவள் ஓரத்தில் சின்னதாக "நன்றாக இருக்கிறது" என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாளே கார் வந்தது. ஒருங்கிணைப்பாளர் ஃபைலோடு இறங்கினார். பாலத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"என்ன மேடம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"சுத்தமாயிடுச்சு சார்."

"அது தெரியுது. யாரக் கேட்டுச் சுத்தமாச்சு?"

மீன் ஒன்று துள்ளியது. ஒருங்கிணைப்பாளர் அதைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார்.

"மேடம், அடுத்த மாசம் செய்முறைத் தேர்வு. இந்தப் பாலத்துலதான் மாதிரி எடுக்கணும். விடைக்குறிப்பு ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே அச்சடிச்சு உறையில போட்டு முத்திரை வெச்சாச்சு. விடை ஒன்று புள்ளி இரண்டு."

"இப்போ அஞ்சு புள்ளி ஒன்பது இருக்கே சார். பிள்ளைங்க அளந்தா அதுதானே வரும்?"

"வந்தா தப்பு விடை. பூஜ்யம். செய்முறையில பூஜ்யம்னா அடுத்த வருஷம் அறிவியல் பிரிவு கிடையாது. கையேட்டுல பக்கம் இருநூத்திப் பதினாலு. படிக்கலயா?"

பதினொரு முகமும் டீச்சரின் கண் முன்னால் வந்து நின்றன. ஆற்றைச் சுத்தம் செய்த பிள்ளைகள், ஆறு சுத்தமாக இருக்கிற ஒரே குற்றத்துக்காகத் தோற்கப் போகிறார்கள்.

இயக்குநர் அவளை நேரில் அழைத்தார். பெரிய அறை, பெரிய மேசை, மேசைமேல் கண்ணாடிக் குடுவையில் நீலச் சாயம் கலந்த தண்ணீர். அவர் பேசும்போது எதிரே இருப்பவரைப் பார்க்க மாட்டார். கொஞ்சம் மேலே, கூட்டத்தின் கடைசி வரிசை இருக்க வேண்டிய இடத்தைப் பார்ப்பார்.

"உங்க ஆர்வத்த நான் பாராட்டறேன்மா. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஆத்த மீட்கிறதுங்கிறது ஒரு பயணம். போய்ச் சேர்ந்துட்டா அது பயணமா? நாம ரெண்டாவது வருஷத்துல இருக்கோம். ஆறு எந்த அனுமதியும் இல்லாம பதினோராவது வருஷத்துக்குப் போயிடுச்சு. இந்த நடுவத்துல முப்பத்தாறு பேர் வேலை பார்க்கிறாங்க. அழுக்கே இல்லைன்னா அவங்க எதை மீட்பாங்க? நாளைக்கு ஒரு மாணவன் வந்து, மாசுன்னா என்ன சார்னு கேட்டா எதைக் காட்டுவேன்? அழுக்கு ஒரு கல்வி வளம்மா. அத நீங்க வீணடிச்சிட்டீங்க."

அறையில் வேறு யாருமில்லை. இருந்தாலும் ஒருங்கிணைப்பாளர் கால்களைத் தரையில் உதைத்து வெள்ளக் கைதட்டல் தட்டினார். தனி ஆளாகத் தட்டியதால் அது யாரோ மாடிப்படியில் உருண்ட மாதிரி கேட்டது.

"விடைக்குறிப்ப மாத்திடலாமே சார்," என்றாள் டீச்சர்.

இயக்குநர் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். "முத்திரை வெச்ச உறைம்மா அது. ஆத்த மாத்தலாம். உறைய எப்படி மாத்தறது?"

அப்படியே முடிவாயிற்று. தேர்வு நாளன்று பாலத்தடியில் ஒன்று புள்ளி இரண்டு வர வேண்டும். அதற்குக் கற்பித்தல் தர மாசு என்று பெயரும் வைத்தார்கள். முதலில் குழாயைப் பழையபடி தப்பாக இணைக்கச் சொல்லி ஒருங்கிணைப்பாளர் டீச்சர் வீட்டுக்கே போனார். குழாய்க்காரர் அவருடைய செருப்பைப் பார்த்தபடி சொன்னார்: "சரி பண்ணத்தான் சார் நான் கத்துக்கிட்டேன். கெடுக்கணும்னா அதுக்குப் படிச்சவங்க நீங்க முப்பத்தாறு பேர் இருக்கீங்களே."

பிறகு யாருக்கோ வாசல் போட்டோ ஞாபகம் வந்தது. டேங்கர் ஓட்டுநரைக் கூப்பிட்டனுப்பினார்கள். மூன்றாவது தடவையும் பிடிக்கப் போகிறார்கள் என்று பயந்து அவர் இரண்டு நாள் தலைமறைவாக இருந்தார். கடைசியில் வந்தபோது நாற்காலி போட்டுக் கொடுத்து, தேநீர் கொடுத்து, மாசு வள வல்லுநர் என்று அடையாள அட்டையையும் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். போட்டோவை மட்டும் எடுக்கவில்லை. அதை மாட்ட உத்தரவு இருந்தது, எடுக்க உத்தரவு இல்லை.

டீச்சர் நடுவத்துக்குக் கடிதம் எழுதினாள். பாலத்தில் ஊற்றினால் மீன் செத்துப்போகும் என்று எழுதினாள். அது மட்டுமல்ல, நடுவம் பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிறது, ஊற்றியதெல்லாம் அரை மணி நேரத்தில் நடுவத்துக்குத்தான் வரும், பிள்ளைகள் ஒரு காய்ந்த இலையை மிதக்கவிட்டுக் கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்றும் எழுதினாள். பதில் வந்தது. "தங்களின் திசை ஆட்சேபம் பெறப்பட்டது. அடுத்த பாய்வுத் திசைக் குழுக் கூட்டத்தில் வைக்கப்படும். வரைபடத்தின்படி நடுவம் மேலே உள்ளது என்பதை நினைவூட்டுகிறோம்."

"விடு," என்றார் குழாய்க்காரர். "தண்ணி கடிதம் படிக்காது."

"அதில்லைங்க. பிள்ளைங்க கிட்ட நான் என்ன சொல்றது? நிஜத்த எழுதினா ஃபெயில். பொய் எழுதினா பாஸ். நானே சொல்லிக் கொடுத்துட்டு நானே பொய் எழுதச் சொல்லணுமா?"

"உன் வேலை?"

"அது வேற இருக்கு," என்றாள் டீச்சர். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனாள்.

தேர்வு நாள் வந்தது. அன்றைக்கே நடுவத்து முற்றத்தில் நீரூற்றுத் திறப்பு விழாவும் வைத்திருந்தார்கள். ஆற்றிலிருந்து மோட்டார் போட்டுத் தண்ணீர் எடுத்து, பளிங்குத் தொட்டியில் இருபதடி உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கிற ஊற்று. ஆற்றை மீட்கிற திட்டத்தில் நீரூற்று வாங்க இடமில்லை என்று யாரோ சொன்னபோது, அதைக் கையேட்டிலேயே "ஆற்றோடு இணைந்த நீர்நிலை" என்று அச்சடித்துச் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

திட்டப்படி ஒன்பதரைக்கு டேங்கர் பாலத்தோரம் காலியாக வேண்டும். அழுக்கு நகர்ந்துபோவதற்குள், பத்தே நிமிஷத்தில், ஒன்பது நாற்பதுக்குத் தேர்வு தொடங்க வேண்டும். ஓட்டுநர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பட்டப்பகலில், அடையாள அட்டையோடு, பத்துப் பேர் பார்க்க ஊற்றுவது அவருக்குக் கூச்சமாக இருந்தது. "நிஜமாவே ஊத்தட்டுமா?" என்று மூன்று தடவை கேட்டார். நடுவத்துக் காவலர் சல்யூட் அடித்ததும் குழாயைத் திறந்துவிட்டார்.

எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கும், இயக்குநர் பேசாமல் இருந்திருந்தால். பிள்ளைகளைப் பாலத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் இரண்டே வார்த்தை என்று ஒலிபெருக்கியைப் பிடித்தார். பதினொரு பிள்ளைகளும் டீச்சரும் முற்றத்து வெயிலில் நின்றார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், முத்திரை வைத்த உறையோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையேட்டில் எழுதியிருந்தால் தண்ணீர் சுடும் என்பார், எழுதியிருக்காவிட்டால் நெருப்பும் சுடாது என்பார், அப்படி ஒரு மனிதர்.

"இந்த ஆறு என் தாய்," என்று தொடங்கினார் இயக்குநர். "இவளைத் தொட்டுப் பார்த்ததில்லை. பக்கத்தில் போனதில்லை. இவளிலிருந்து ஒரு சொட்டு இதுவரைக்கும் என்மேல் பட்டதில்லை. ஆனாலும் இவளுக்காக நான் இருநூற்றுப் பத்துக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன்!"

மழைக் கைதட்டல். பத்து நிமிஷம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. கேள்விக்குறி டீச்சரின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள். உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டாள்.

"டீச்சர், டேங்கர் எத்தனை மணிக்கு ஊத்துச்சு?"

"ஒன்பதரைக்கு."

"அப்போ இன்னும் அஞ்சு நிமிஷம்." அவள் தன் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்தாள். பதினொரு பேரும் சத்தமில்லாமல் பத்தடி பின்னால் நகர்ந்தார்கள்.

டீச்சர் ஒருங்கிணைப்பாளரிடம் ஓடினாள். "சார், மோட்டாரப் போடாதீங்க சார், சொன்னாக் கேளுங்க!"

"உஷ். முக்கியமான இடத்துல இருக்கார்."

முக்கியமான இடம் இதுதான்: "ஆற்றுக்கு நாம் எதைக் கொடுத்தோமோ, அது நூறு மடங்காக நமக்குத் திரும்பி வரும்!" என்று சொல்லி இயக்குநர் பொத்தானை அழுத்தினார்.

திரும்பி வந்தது.

முதலில் ஒரு கனைப்பு மாதிரி சத்தம். பிறகு இருபதடி உயரத்துக்குக் கருப்பாக எழுந்து, மேலே ஒரு நொடி நின்று, குடை மாதிரி விரிந்து, மேடைமேல் இறங்கியது. இயக்குநர், இடது கரை அலுவலர், வலது கரை அலுவலர் எல்லோரும் நனைந்தார்கள். ஒலிபெருக்கியில் இயக்குநர் துப்புகிற சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. பயிற்சியின் பலன் பாருங்கள், பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பின்வரிசையில் யாரோ வெள்ளக் கைதட்டலைத் தொடங்க, பழக்கதோஷத்தில் முப்பது பேரும் கால்களை உதைத்துத் தட்டினார்கள்.

தேர்வாளர் மட்டும் நாற்காலியை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தார். "தேர்வு தாமதமாகிறது," என்றார்.

பாலத்துக்குப் போனார்கள். டேங்கரின் அழுக்கு எப்போதோ கீழே போய்விட்டிருந்தது. கரையோரம் சில மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. கேள்விக்குறி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள், எதுவும் கேட்கவில்லை. நடுவில் தண்ணீர் தெளிவாக ஓடியது. பிள்ளைகள் மொண்டார்கள், சொட்டு விட்டார்கள், நிறம் மாறியது. ஐந்து புள்ளி ஒன்பது. பதினொரு பேருக்கும் அதேதான்.

துண்டைப் போர்த்திக்கொண்டு இயக்குநர் வந்து சேர்ந்தார். அவர் வருவது முன்கூட்டியே தெரிந்தது. டீச்சரை ஓரமாகக் கூப்பிட்டார். "ஒன்று புள்ளி இரண்டுன்னு எழுதச் சொல்லு. உன் நிரந்தர உத்தரவு என் மேசையில இருக்கு. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்கத் தெரிந்தவள் அவள். செத்த மீன்களைப் பார்த்தாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிற பதினொரு பிள்ளைகளைப் பார்த்தாள்.

"பார்த்தத எழுதுங்க," என்றாள். அது எல்லோருக்கும் கேட்டது. "என்ன வந்துச்சோ அதையே எழுதுங்க. மார்க் போனாப் போகட்டும். அடுத்த வருஷம் வீட்டுல உட்கார வெச்சு நான் சொல்லித் தரேன்."

பதினொரு பேரும் எழுதினார்கள். தேர்வாளர் உறையைப் பிரித்து, விடையைப் பார்த்து, பிள்ளைகளின் தாளைப் பார்த்து, சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"சார்," என்றாள் கேள்விக்குறி. "தேர்வு நேரம் முடிஞ்சிடுச்சா?"

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது."

"மாதிரி இந்தப் பாலத்துலதான் எடுக்கணுமா?"

தேர்வாளர் கையேட்டைப் புரட்டினார். "ஆற்றில், அல்லது ஆற்றோடு இணைந்த நீர்நிலையில். எங்கே எடுத்தது என்று குறிப்பிட வேண்டும்."

"நடுவத்து நீரூற்று ஆற்றோடு இணைந்த நீர்நிலையா சார்?"

தேர்வாளர் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். விரலை வைத்துப் படித்தார். "ஆம். பக்கம் முந்நூற்றுப் பத்து."

பதினொரு பிள்ளைகளும் ஓடினார்கள். பளிங்குத் தொட்டியில் பாட்டிலை முக்கினார்கள். சொட்டு விட்டார்கள். தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே குனிந்து பார்த்தார். பிள்ளைகள் தாளில் இரண்டாவது வரி எழுதினார்கள்: "நடைபாலத்தில் ஆறு, ஐந்து புள்ளி ஒன்பது. நடுவத்தின் முற்றம், ஒன்று புள்ளி இரண்டு."

"விடை சரி," என்றார் தேர்வாளர். பதினொரு தாளிலும் முழு மதிப்பெண் போட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று டீச்சர் பார்த்தாள். இல்லை. கையேட்டில் சிரிக்கச் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் விசாரணை நடந்தது. ஒப்புதல் அளிக்கப்பட்ட அம்புக்குறிக்கு மாறாக ஆறு பாய்ந்தது என்று குழு கண்டுபிடித்து, ஆற்றுக்கு விளக்கம் கேட்டு ஒரு அறிவிப்பை எழுதிப் பாலத்துக் கம்பியில் ஒட்டினார்கள். பதினைந்து நாளில் பதில் தர வேண்டும். டீச்சரின் நிரந்தர உத்தரவு மேசையிலிருந்து காணாமல் போயிற்று. அவள் நாலாவது வருஷமாகத் தற்காலிகமானாள். பிள்ளைகள் மறுநாள் கரையில் செத்துக் கிடந்த பதினேழு மீன்களைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. விடைக்குறிப்பின்படி ஒன்று புள்ளி இரண்டு கிடைக்கிற ஒரே இடம் என்று தேர்வில் நிரூபணமானதால், நடுவத்தின் நீரூற்று நிரந்தர மாசு ஆய்வுத் தளமாக அறிவிக்கப்படுகிறது. ஆறு பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்படுகிறது. தளத்தின் மாசு கூடாமலும் குறையாமலும் பராமரிக்கப்படும். அன்றிலிருந்து வியாழன்தோறும் டேங்கர் ஓட்டுநர் முன்வாசல் வழியாகவே உள்ளே போனார். தன்னுடைய போட்டோவைத் தாண்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வார். நடுவத்தில் மீதியிருந்த ஜன்னல்களுக்கும் ஆணி அடித்தார்கள்.

டீச்சருக்கு நிம்மதி. ஆறு பாடத்தில் இல்லை என்றால் அதை யாரும் தொட மாட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வழக்கம்போல நடந்தாள். நடுவத்தின் பின்மதில் ஓரமாகப் போகும்போது கேள்விக்குறி நின்றுவிட்டாள். மதிலடியில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. கருப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், வாரா வாரம் அந்தத் தொட்டில ஊத்துறாங்களே. நிரம்பினா எங்க வடியுது?"

டீச்சர் குழாயைப் பார்த்தாள். குழாய் பார்த்துக்கொண்டிருந்த ஆற்றைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"என்னங்க, வண்டியில எல்போ இருக்கா?"

"இருக்கு. எங்க போடணும்?"

"நடுவத்துப் பின்மதில்ல ஒரு குழாய் ஆத்துப் பக்கம் பார்த்து நிக்குது. அத அவங்க பக்கமே திருப்பி விடணும்."

போனில் சாமான் டப்பாவைக் கிளறுகிற ஓசை கேட்டது.

"வந்த வழியே திருப்பணும்னா ஒண்ணு பத்தாது," என்றார் குழாய்க்காரர். "ரெண்டா எடுத்துட்டு வரேன்."